வீட்டிலேயே ஒரு சாட் சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பரணில் தூங்கும் பழைய லேப்டாப்பை வீட்டு சர்வராக ஓட்டலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்: சொந்தமாக ஒரு சாட் சர்வர், பேச்சு அழியாமல் இருக்க வேண்டும், வீட்டு நெட்டிலேயே ஓட வேண்டும். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பல வருடப் பேச்சு இருந்தது. அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்ததோடு அவர்கள் பக்கத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. வீட்டிலேயே சர்வர் வைத்தால் பேச்சு நிலையாக நிற்குமா? லினக்ஸ் ஓரளவு தெரியும்.
(பாளையங்கோட்டை வாசகர்)

நிற்கும். வாட்ஸ்அப்பில் செய்தி போய்ச் சேர்ந்ததும் அவர்கள் சர்வரிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். பழைய பேச்சு இருப்பது உங்கள் போனில், அப்புறம் பேக்கப் போட்டிருந்தால் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ. போன் போனால், பேக்கப்பும் இல்லையென்றால், அவ்வளவுதான். சொந்த சர்வரில் இது தலைகீழ். பேச்சு சர்வரில் இருக்கும், போன் அதைக் காட்டுகிற ஒரு கருவி மட்டுமே. அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால் பழையது எல்லாம் இறங்கி வரும்.

ஆனால் 'நிலையாக' என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லுக்குள் நாலு வேலை இருக்கிறது. செய்தியை சர்வர் சேமித்து வைக்க வேண்டும். எல்லோரும் வெளியே போனாலும் குரூப் கலையாமல் இருக்க வேண்டும். சர்வரின் முகவரி மாறக்கூடாது. அந்த மெஷின் இரவு பகலாக ஓட வேண்டும். முதல் இரண்டும் சாஃப்ட்வேரில் சில வரி மாற்றினால் முடிந்துவிடும். மற்ற இரண்டும்தான் ஆளைத் திணறடிக்கும், கீழே வரும் கடிதங்களும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் யாராவது கேட்டால் யாஹூ மெசஞ்சரைச் சொல்லுங்கள். ஒரு தலைமுறையே அதில்தான் பேசியது, 2018 ஜூலை 17 அன்று மூடிவிட்டார்கள். கூகுள் டாக் 2005இல் வந்தது, வெளி சர்வர்களோடும் பேசும் அளவுக்குத் திறந்த மனதோடு இருந்தது, 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட ஆரம்பித்தது, இன்று ஹேங்அவுட்ஸும் இல்லை. அந்தக் கம்பெனிகள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அம்மா, அப்பா பேசியது எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் நாமாக இருந்தால் நல்லது என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரே நாளில் குடும்பம் முழுவதையும் இழுக்காதீர்கள். வாட்ஸ்அப் அது பாட்டுக்கு இருக்கட்டும். நாலு பேரோடு ஆரம்பித்து, ஒரு பொங்கல் சீசன் ஒழுங்காக ஓடிய பிறகு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சின்ன லேத் பட்டறை நடத்துகிறோம். டிராயிங், ஜாப் நம்பர், அளவு எல்லாம் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஒரு பக்கம் கிடக்கிறது. காலேஜ் நாளில் ஐஆர்சி பழக்கம். ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ், எதைப் போடலாம்?
(கோயம்புத்தூர் வாசகர்)

மூன்றுமே சொந்த சர்வரில் சாட் நடத்துவதற்கான முறைகள். ஐஆர்சி பழக்கம் உள்ளவர் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் எழுதியது, இன்றும் ஓடுகிறது, எந்தக் கிழட்டு மெஷினிலும் ஓடும். ஆனால் அதன் பிறவிக் குணம் மறதி. நீங்கள் லைனில் இல்லாதபோது பேசியது உங்களுக்கு வராது, கடைசி ஆள் வெளியே போனால் சேனலே, அதாவது பேச்சு அறையே, கலைந்துவிடும். அதைச் சரிக்கட்டத்தான் இசட்என்சி மாதிரி பவுன்சர்கள் வந்தன; உங்களுக்குப் பதிலாக அது எப்போதும் உள்ளே உட்கார்ந்து, நடந்ததைப் பிடித்து வைத்து, நீங்கள் வந்ததும் கொடுக்கும். இப்போது எர்கோ என்று ஒரு ஐஆர்சி சர்வர் இருக்கிறது, பவுன்சர் வேலையும் பழைய பேச்சைச் சேமிக்கும் வேலையும் அதற்குள்ளேயே உண்டு. கம்ப்யூட்டரில் பழகிய நாலு பேருக்கு அது அருமை. பட்டறையில் கையில் கிரீஸோடு போனை எடுத்து டிராயிங் போட்டோ அனுப்பப் போகிறவருக்கு ஐஆர்சியைக் கொடுக்காதீர்கள்.

மேட்ரிக்ஸ் 2014இல் வந்தது. அதற்கான எலிமென்ட் ஆப் பார்க்க அழகாக இருக்கும், போட்டோ, குரல் அழைப்பு, எல்லாம் உண்டு. ஒரு பெரிய சௌகரியம், அதன் போக்குவரத்து எல்லாம் சாதாரண வெப்சைட் மாதிரியே போவதால் கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற இடைவழிச் சேவைகள் மூலம் வெளியிலிருந்து சுலபமாக எட்டும்படி செய்யலாம். ஆனால் சினாப்ஸ் என்ற அதன் முதன்மை சர்வர் மெமரி தின்னும். உங்கள் ஆட்களில் ஒருவர் வெளியில் உள்ள பெரிய பொது அறை ஒன்றில் சேர்ந்தால் போதும், அந்த அறையின் பாரமும் உங்கள் டேட்டாபேஸ் மேல் வந்து உட்காரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடுதான் போட வேண்டும், எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் சோதனைக்கு மட்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். மேட்ரிக்ஸ் போடுவதானால் 4 ஜிபியாவது மெமரி உள்ள மெஷின் வையுங்கள், வெளி சர்வர்களோடு பேசும் வசதியை அணைத்துவிடுங்கள்.

என் ஓட்டு எக்ஸ்எம்பிபிக்கு. ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் ஜாபர் என்ற பெயரில் அறிவித்தது, 2004இல் முறைப்படி இணையத் தரமானது. வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரைத் திருத்தி வளர்ந்ததுதான். வீட்டுக்கும் பட்டறைக்கும் பிரோசடி போதும், லுவா மொழியில் எழுதிய சின்ன சர்வர், பத்துப் பதினைந்து பேருக்குப் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில், அதுவும் பழையதிலேயே, மூச்சு வாங்காமல் ஓடும். டெபியன் லினக்ஸில் நேரடியாக பேக்கேஜாகவே கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனில் கான்வர்சேஷன்ஸ் ஆப், பிளே ஸ்டோரில் காசு, எஃப்-டிராய்டு என்ற மாற்று ஆப் ஸ்டோரில் இலவசம். கம்ப்யூட்டரில் டினோ அல்லது கஜிம். செட்டிங்குகளை எழுதும் கான்ஃபிக் ஃபைலைத் தொடவே பயம் என்றால் ஸ்னிக்கெட் இருக்கிறது. பிரோசடியை எழுதிய அதே மேத்யூ வைல்ட், குடும்பங்களுக்காகவே கட்டிக் கொடுத்திருப்பது. அழைப்பு லிங்க்கைத் தட்டினால் கணக்கு தயார். ஆனால் அதற்கு டொமைன் பெயரும் வெளியிலிருந்து திறந்த போர்ட்டுகளும் (இணைப்பு உள்ளே வரும் வாசல்கள்) வேண்டும், அந்தத் தொல்லையைச் சேலம் வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

பட்டறை என்பதால் இன்னொன்று. ஆட்கள் பேசுவது எல்லாம் உங்கள் மெஷினில் சேமிக்கப்படுகிறது என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஜாப் நம்பருக்கு ஒரு அறை, அரட்டைக்கு ஒரு அறை என்று பிரித்து, அரட்டை அறையில் சேமிப்பை நிறுத்திவிடலாம். அது அவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

கேள்வி: பிரோசடி போட்டு ஒரு மாதம் ஆகிறது. இன்று புது டேப்லெட்டில் உள்ளே போனால் கடைசி ஒரு வாரப் பேச்சுதான் வருகிறது. குரூப்பில் போட்ட போட்டோக்களைத் தட்டினால் திறக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது. எங்கே போயின?
(மதுரை வாசகர்)

இந்தக் கேள்வி பலரைக் காப்பாற்றும், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் டிஸ்க்கில் குற்றமில்லை. பிரோசடி பேச்சைச் சேமித்தாலும், தானாக வைத்திருக்கும் கெடு ஒரே ஒரு வாரம். எல்லாக் கருவிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக அது போதும் என்பது அவர்கள் கணக்கு, காலம் காலமாகச் சேமிப்பது உங்கள் முடிவு என்று விட்டுவிட்டார்கள். ஸ்னிக்கெட்டிலும் அதே 7 நாள்தான்.

மாற்ற வேண்டிய இடம் மூன்று, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது, சிக்கலே அங்கேதான். முதலாவது, இருவர் தனியாகப் பேசிக்கொள்வது: கான்ஃபிக் ஃபைலில் 'ஆர்க்கைவ் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர்' என்று ஒரு வரி இருக்கும், அதன் எதிரே ஒரு வாரத்தைக் குறிக்கும் மதிப்பு இருக்கும், அதை 'நெவர்' என்று ஆக்குங்கள். இரண்டாவது, குரூப் பேச்சு: அதற்கான சேமிப்பு மாட்யூலே (சர்வரில் சேர்க்கும் துணைப் பகுதி) வேறு, குரூப் பகுதிக்குள் தனியாக இயக்க வேண்டும், அதற்குக் கெடுவும் தனி வரி. தனிப் பேச்சுக்கு மட்டும் மாற்றிவிட்டுக் குரூப்பும் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது, போட்டோவும் வீடியோவும்: அவை செய்திக்குள் இருப்பதில்லை, சர்வரில் ஒரு ஃபைலாக ஏறி, செய்தியில் அதன் லிங்க் மட்டும் போகிறது. அந்த ஃபைலுக்கும் ஒரு வாரக் கெடு, ஒரு ஃபைலுக்கு 10 எம்பி உச்சவரம்பு. உங்கள் போட்டோக்கள் திறக்காததன் காரணம் இதுதான். லிங்க் இருக்கிறது, ஃபைல் போய்விட்டது. அனுப்பியவரின் போனில் இன்னும் இருக்கும், அங்கிருந்து மீட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு குரூப்பின் செட்டிங்கில் 'நிரந்தரம்' என்ற குறி போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்எம்பிபியில் தற்காலிக அறை என்று ஒரு வகை உண்டு, கடைசி ஆள் வெளியேறியதும் அது கலைந்துவிடும்.

இடம் போதுமா என்று கவலை வேண்டாம். ஒரு செய்தி அதன் எக்ஸ்எம்எல் உறையோடு 1 கேபி என்றே வைத்துக்கொள்ளுங்கள், தினம் 500 செய்தி வந்தாலும் வருடத்துக்கு 180 எம்பி சொச்சம்தான். இடத்தைப் பிடிப்பது வீடியோ மட்டுமே. பேச்சைக் காலத்துக்கும் வைத்துக்கொண்டு, ஃபைல்களுக்கு மட்டும் இரண்டு வருடம் கெடு வைக்கலாம். சேமிப்பை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றிவிடுவதும் நல்லது, வருடக்கணக்கான பேச்சில் தேடும்போது வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ரவுட்டரில் எக்ஸ்எம்பிபிக்கான 5222 போர்ட்டைத் திறந்துவிட்டேன், ஃபயர்வாலிலும் திறந்தாயிற்று. வீட்டில் எல்லாம் வேலை செய்கிறது. வெளியே மொபைல் டேட்டாவில் போனால் கனெக்ட் ஆகவே இல்லை. கஸ்டமர் கேரில் 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்' என்பதற்கு மேல் பதில் இல்லை.
(சேலம் வாசகர்)

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வான் ஐபி (WAN IP, வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையே ஆரம்பித்தாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ உங்களுக்குப் பொது ஐபி இல்லை. கம்பெனி ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது, இதைத்தான் சிஜிநாட் என்பார்கள். இந்த 100.64 வரிசையே 2012இல் இந்தக் காரியத்துக்கென்று ஒதுக்கப்பட்டதுதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு அவர்கள் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வழிகள் உண்டு. கம்பெனியிடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, கேட்கலாம், பல இடங்களில் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். உங்கள் லைனில் ஐபிவி6 என்ற புது முகவரி முறை இருந்தால் அதன் வழியாக வரலாம், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் அழைப்பவர் இருக்கும் நெட்டிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வைஃபை, ஆபீஸ் வைஃபை என்று போகிற இடத்தில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

குடும்பத்துக்கு மட்டும் என்றால் நான் பரிந்துரைப்பது டெயில்ஸ்கேல். வயர்கார்டு என்ற விபிஎன் 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது, அதன் மேல் கட்டிய சேவை இது. சர்வரிலும் ஒவ்வொரு போனிலும் டெயில்ஸ்கேலைப் போட்டால், எங்கிருந்தாலும் எல்லாம் ஒரே வீட்டு நெட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம், வெளியாள் உங்கள் சர்வரின் கதவைத் தட்டவே முடியாது. (டெயில்ஸ்கேல் கொடுக்கும் ஐபியும் அதே 100 வரிசையில்தான் வரும், ரவுட்டரில் பார்த்ததோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) யாரையும் நம்பாமல் முழுக்கச் சொந்தமாக வேண்டும் என்றால் ஹெட்ஸ்கேல் என்று அதன் கட்டுப்பாட்டு சர்வரையே தனியாக ஓட்டலாம், ஆனால் அதற்குப் பொது ஐபி உள்ள ஓர் இடம் வேண்டும். எனவே முதலில் அது வேண்டாம்.

எப்படிப் போனாலும் சொந்த டொமைன் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த முகவரி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எக்ஸ்எம்பிபியில் ஒருவரின் பெயர் மெயில் முகவரி மாதிரி டொமைனோடு சேர்ந்தே இருக்கும். நாளைக்கு டொமைனை மாற்றினால் எல்லோருடைய கணக்கும், கான்டாக்ட் லிஸ்ட்டும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வீடு மாறலாம், கம்பெனி மாறலாம், மெஷின் மாறலாம், டொமைன் கையில் இருந்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. வழக்கமான முறையில் 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், ஆனால் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியல்) வழியாகச் சரிபார்க்கும் முறையும் உண்டு, அதற்குப் போர்ட் எதுவும் வேண்டாம். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிப்பதைத் தானியங்கியாக வைப்பதோடு, புதுச் சான்றிதழை பிரோசடி எடுத்துக்கொள்ளும்படி ரீலோட் செய்யும் வரியையும் சேர்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் சரியாக மூன்றாவது மாதம் ஒரு நாள் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் எரர் காட்டும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். வெளியே வேலை செய்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் கனெக்ட் ஆகவில்லை.
(தஞ்சாவூர் வாசகர்)

உள்ளே இருந்துகொண்டு வெளி முகவரியைக் கூப்பிட்டால் அதை உள்ளேயே திருப்பிவிட உங்கள் ரவுட்டருக்குத் தெரியவில்லை, பல ரவுட்டர்கள் இப்படித்தான். வீட்டுக்குள் மட்டும் உங்கள் டொமைன் சர்வரின் உள் ஐபியைக் காட்டும்படி ரவுட்டரிலோ, பை-ஹோல் என்ற வீட்டு டிஎன்எஸ் சர்வர் வைத்திருந்தால் அதிலோ ஒரு டிஎன்எஸ் பதிவு போடுங்கள், சரியாகிவிடும். சர்வரின் உள் ஐபி மாறாதபடி ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்கிவிடவும் மறக்காதீர்கள்.

கேள்வி: எங்கட பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். ராஸ்பெர்ரி பையில் சர்வர் வைத்திருந்தேன், இரண்டு தரம் மெமரி கார்டு பழுதாகிப் போச்சு. பழைய லேப்டாப் நல்லதோ?
(யாழ்ப்பாண வாசகர்)

மெமரி கார்டு போனதற்குக் கரண்ட்தான் காரணமாக இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் மலிவான கார்டு அந்த ஃபைலை மட்டும் கெடுப்பதில்லை, சம்பந்தமே இல்லாத இடத்தையும் கெடுத்துவிடும். சாட் சர்வர் என்பது சதா எழுதிக்கொண்டே இருக்கிற வேலை. பை 4 என்றால் யூஎஸ்பியில் ஒரு சின்ன எஸ்எஸ்டியை மாட்டி அதிலிருந்தே பூட் ஆகும்படி செய்யலாம், கார்டே வேண்டாம். அப்புறம் அடாப்டர். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், கையில் கிடைத்த போன் சார்ஜரைக் குத்தினால் எஸ்எஸ்டி மாட்டியதும் தள்ளாடும்.

லேப்டாப்பும் நல்ல யோசனைதான், பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடுகிறது. மூடியைச் சாத்தினால் தூங்கப் போய்விடாதபடி செட்டிங் மாற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் பக்கம் மேலே எழும்பி நிற்கிறதா பார்த்தால் தெரியும், உடனே கழற்றிவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் சாமான். லேப்டாப்பில் இன்னொரு குறை பலருக்குத் தெரிவதில்லை. நீண்ட மின்வெட்டில் பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டால், கரண்ட் வந்ததும் பெரும்பாலான லேப்டாப்புகள் தானாக எழும்பாது, யாராவது பட்டனை அமுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை கரண்ட் வந்த கையோடு தானே கிளம்பிவிடும். வீட்டில் ஆள் இருக்கும் வீடென்றால் லேப்டாப், பூட்டிவிட்டுப் போகிற வீடென்றால் பை.

சர்வருக்கு மட்டும் காப்புக் கொடுத்துப் பயனில்லை. ரவுட்டருக்கும், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கரண்ட் வேண்டும். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கொடுக்கும் மினி யூபிஎஸ் ஒன்று ரவுட்டரையும் பையையும் சேர்த்தே தாங்கும், வாங்கும்போது எத்தனை ஆம்பியர் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தில் 'யூபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும், பை ரீஸ்டார்ட் ஆகாது.

செலவு பெரிதில்லை. பை 5 வாட் எடுக்கும் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட், லேப்டாப் 15 வாட் எடுத்தாலும் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில், ஐபோன். மகன் ஆண்ட்ராய்டு. நான் அனுப்புவது மகனுக்கு உடனே போகிறது, மகளுக்கு அவள் ஆப்பைத் திறந்தால்தான் தெரிகிறது. கோபித்துக்கொள்கிறாள்.
(காரைக்குடி வாசகி)

மகள் மேல் தப்பில்லை அம்மா, உங்கள் மேலும் இல்லை. ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் உங்கள் சர்வரோடு எப்போதும் ஒரு தொடர்பைப் பிடித்து வைத்திருக்கும். ஐபோன் எந்த ஆப்பையும் அப்படிப் பின்னணியில் ஓட விடாது, ஆப்பிளின் சர்வர் வழியாகத் தட்டி எழுப்பினால்தான் எழும். அதனால் உங்கள் சர்வரில் புஷ் அறிவிப்புக்கான மாட்யூலை, 'கிளவுட் நோட்டிஃபை' என்று பெயர், இயக்கச் சொல்லுங்கள். மகள் போனில் மோனல் அல்லது சிஸ்கின் ஆப் இருக்கட்டும். அந்த அறிவிப்பில் நீங்கள் எழுதியது போவதில்லை, 'ஏதோ வந்திருக்கிறது' என்ற தட்டல் மட்டும்தான், செய்தியை ஆப் நேரே உங்கள் சர்வரிடம் வாங்கிக்கொள்ளும். டெயில்ஸ்கேல் வழியாகப் பேசுகிறீர்கள் என்றால் மகள் போனில் அது அணைந்திருக்கும்போது தட்டல் மட்டும் கேட்கும், செய்தி வராது. அதைத் தானாக இயங்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.

மகன் போனிலும் பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து கான்வர்சேஷன்ஸை விலக்கிவிடுங்கள். சில போன்கள் இரவோடு இரவாக அதை அணைத்துவிடும்.

கேள்வி: சர்வர் என் வீட்டிலேயே இருக்கும்போது ஒமெமோ என்கிரிப்ஷன் தேவையா?
(சென்னை வாசகர்)

ஒமெமோ என்பது செய்தியை அனுப்புகிறவர் கருவியிலேயே பூட்டி அனுப்பும் முறை. அதைப் போட்டால் சர்வரில் சேமிப்பது பூட்டிய எழுத்து, சாவி அந்தந்தக் கருவியில். புதுப் போன் வாங்கினால் பழையதைப் படிக்க முடியாது. பேச்சு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே சொந்த சர்வர் வைப்பவருக்கு இது நேர் முரண். போனுக்கும் சர்வருக்கும் இடையே போகும் வழியைப் பூட்ட டிஎல்எஸ் இருக்கிறது, டிஸ்க்கையும் பூட்டிவிடலாம், குடும்ப குரூப்புக்கு அது போதும் என்பது என் கருத்து. பூட்டிய டிஸ்க் என்றால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்த பிறகும் யாராவது பாஸ்வேர்டு அடிக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் சர்வரை நடத்துகிறவர் நீங்கள், அதில் பேசுகிறவர்கள் வேறு பேர் என்பதை மறக்காதீர்கள். உங்கள் தங்கை தன் தோழியோடு பேசுவதை நீங்கள் படிக்க முடியும் என்ற நிலையே சரியில்லை. தனிப் பேச்சுக்கு ஒமெமோ, பொதுக் குரூப்புக்கு வேண்டாம் என்று பிரித்துவிடுங்கள், ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் மெர்ச்சன்ட் நேவி. போன லீவில் வந்தபோது வீட்டில் சாட் சர்வர் போட்டுவிட்டுப் போனார், கப்பலில் நெட் கிடைக்கும்போதெல்லாம் அதில்தான் பேசுகிறோம். போன மாதம் ஒரு நாள் முழுக்க வேலை செய்யவில்லை, எனக்கு எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
(தூத்துக்குடி வாசகி)

இந்த இதழுக்கு வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையதுதான். சர்வர் போட்டவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும், அவர்கள் இல்லாத நேரத்தில் அதை நடத்தப்போகிறவர் வீட்டில் இருக்கிற ஒருவர்.

நீங்கள் லினக்ஸ் படிக்க வேண்டியதில்லை. கணவரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள், ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். எந்த விளக்கு எப்படி எரிந்தால் நல்லது என்று முதலில் இருக்கட்டும்: ஃபைபர் பெட்டியில் சிவப்பு எரிந்தால் லைன் கட், சர்வரைத் தொட வேண்டாம், கம்பெனிக்கு போன். விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், எந்த பட்டனை ஒரு தரம் மெதுவாக அமுக்கிவிட்டு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிளக்கை நேரடியாகப் பிடுங்குவது கடைசி வழி. அதற்கும் சரியாகவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது: ஊரில் இருக்கும் நண்பரோ, கணவரின் தம்பியோ, விஷயம் தெரிந்த ஒருவர், அவருக்கு உள்ளே போகும் அனுமதியைக் கணவர் இப்போதே கொடுத்து வைத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டுகளைச் சுவரில் ஒட்டாதீர்கள், அது நகைப் பெட்டியோடு பீரோவில் இருக்கட்டும்.

பேக்கப் பற்றி அவரிடம் கேளுங்கள். தினம் இரவு தானாக ஓடி ஒரு பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ விழுகிறதா? ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி எடுத்தால் பாதியில் கிழிந்த காப்பி கிடைக்கலாம், எஸ்க்யூலைட்டுக்கு அதற்கென்றே பேக்கப் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறாரா? பேச்சு மட்டுமா, ஏறிய போட்டோக்களின் ஃபோல்டரும், கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்தா? அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அடுத்த லீவில் முதல் வேலை அதுதான். வெளி டிஸ்க் ஒன்றை அம்மா வீட்டில் வைத்துவிட்டு, போக வர மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது, புதுப்பிக்கும் நினைவூட்டல் யார் மெயிலுக்கு வருகிறது என்று பாருங்கள். அவர் நடுக்கடலில் இருக்கும்போது அது காலாவதியானால் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் யாராலும் உள்ளே வர முடியாது. உங்கள் மெயிலையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடச் சொல்லுங்கள்.